முள் எடுத்த பிறகு

முள்ளை எடுத்து மூன்று நாளாகிறது.
நான்தான் எடுத்தேன். எஃகுத் தட்டில் போட்டபோது
சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு சிறிசு.
செம்பனை மட்டையின் அடிமுள்,
விரல் கணுவுக்குப் பக்கத்தில், அரை அங்குலம்.

இன்று கன்னியப்பன் அ/லெ சிங்காரம்
மறுபடி வந்திருக்கிறார். எண் நாற்பத்தேழு.
சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டி,
தளும்பத் தளும்ப ஊற்றிய கோப்பியைப் போல
வலது கையை ஏந்திக்கொண்டு.
உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார்:
"அந்தக் காத்தாடிய நிறுத்த முடியுமா?"

ஊத்தான் மெலிந்தாங்கில் மத்தியானம் இரண்டு மணி.
காத்தாடியை நிறுத்தினால்
வரிசையில் இருக்கும் முப்பது பேரும் என்னைத் திட்டுவார்கள்.
நிறுத்தினேன்.

கூடவே வந்த மண்டோர் துரைராசு
கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்:
"முள்ளு போயிருச்சு டாக்டர்,
ஆளுதான் வேலைக்குப் போகல."
நான் டாக்டர் இல்லை என்று
பதினோரு வருசமாகச் சொல்லி வருகிறேன்.

காற்று எப்படி வலிக்கும்?
படிக்கிற காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன்.
பதில் எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன்,
நம்பவில்லை.

கிழிந்த இடத்தில் இரத்தத்தின் நீர் கசிகிறது.
அதில் சும்மா மிதந்துகொண்டிருந்த பெரிய புரதம் ஒன்றை
ஒரு நொதி நறுக்கிவிடுகிறது.
ஒன்பது மணி கோத்த துண்டு உதிர்கிறது.
பிராடிகைனின் என்று பெயர்.
குலையிலிருந்து விழுந்த உதிரிப் பழம்;
பொறுக்க ஆள் வருவதற்குள் வேலையை முடித்துவிடும்.
நரம்பின் நுனியில் ஒட்டி
வாசற்படியைச் செதுக்கித் தாழ்த்துகிறது.
நேற்றுவரை வெட்டினால்தான் உள்ளே வர முடிந்தது.
இன்று துணி உரசினாலே போதும்.

நரம்பும் லேசுப்பட்டதல்ல.
மூளைக்குச் சேதி கொண்டுபோகிற கையோடு
வந்த வழியே திரும்பிக்
காயத்திலும் எதையோ கொட்டுகிறது,
பி என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்த பெப்டைடு.
ஆங்கிலத்தில் வலிக்கு அதுதானே முதலெழுத்து
என்று ரொம்பநாள் நினைத்திருந்தேன்.
வெறும் பவுடராம்.
பிரித்தெடுத்த பொடிக்கு யாரோ போட்ட குறி.
அது பட்டதும் குழாய்கள் விரிகின்றன, சிவக்கிறது,
சிவந்த இடத்தில் இன்னும் நீர், நீரில் இன்னும் உதிரிகள்.
முறையிடப் போனவனே
கல்லெறிந்துவிட்டு வருகிற மாதிரி.

இதெல்லாம் மண்டோரிடம் சொல்லவில்லை.
கன்னியப்பனிடம் சொன்னது ஒன்றுதான்:
"பொய் இல்லண்ணே, நெசமாத்தான் வலிக்குது."
அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.
மருந்து இன்னும் கொடுக்கவில்லை.

வீங்கிய சதைக்கு வெள்ளையணுக்கள் வந்துசேரும்.
கிருமி தின்ன வருகிறவை,
மடியில் கொஞ்சம் அபினும் கட்டிக்கொண்டு வருகின்றன.
உடம்பே காய்ச்சிய அபின். அதுவும் பெப்டைடுதான்.
மணிகள் அதே ரகம், கோர்வை வேறு.
முடிச்சை எப்போது அவிழ்க்கும் என்பது
அவற்றுக்கே வெளிச்சம்.

படிவத்தில் வலிக்கு ஒரு கட்டம்,
சுழியத்திலிருந்து பத்துவரை.
"தொட்டாலா, தொடாமலா?" என்றார் கன்னியப்பன்.
அதற்குக் கட்டம் இல்லை.

எம்சி மூன்று நாள் எழுதினேன்.
தாளை மண்டோர் வாங்கி நான்காக மடித்தார்.
அவருடைய இடது கட்டைவிரலில் பாதி நகம் இல்லை.
இத்தனை வருசம் நான் பார்த்ததில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
காத்தாடியைப் போட்டேன்.
தாழ்வாரத்தில் இருவரும் நிற்பது கண்ணாடியில் தெரிந்தது,
கன்னியப்பன் சுவரோரம், கையைத் தனியே தள்ளி வைத்து.
சாரல் அடிக்கிற பக்கமாக மண்டோர்,
முதுகு நனைய, போனைப் பார்த்தபடி.
தெரிந்துதான் நின்றாரா, தெரியவில்லை.

எண் நாற்பத்தெட்டு.